மறியலைத் தாண்டி ஒரு இன்டர்வியூ

இன்னைக்கு பத்து மணிக்கு எனக்கு கள்ளக்குறிச்சியில இன்டர்வியூ. ஒரு ஸ்கேன் சென்டர்ல கம்ப்யூட்டர் வேலை.

ஊருக்கு ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்போதே பஸ் நின்னுடுச்சு. இடஒதுக்கீடு கேட்டு ரோட்ல மறியல்.

உண்மையைச் சொல்லணும்னா எனக்கு சந்தோஷம். காலேஜ் முடிச்சு ஏழு இடத்துல "சொல்லி அனுப்புறோம்" கேட்டு அலுத்துப்போச்சு. "மறியல், ஸ்கேன் சென்டர் இன்டர்வியூவுக்கு வர முடியல சார்"னு மெசேஜ் டைப் பண்ண ஆரம்பிச்சுட்டேன்.

பக்கத்து சீட்டுப் பொண்ணு எட்டிப் பாத்துட்டாங்க. "நீங்களும் அங்கதானா? எறங்குங்க, நடந்துரலாம்."

பேரு செல்வி. கல்வராயன் மலையில இருந்து விடியக்காலை மொத பஸ்ல வராங்க. அதை வுட்டா அடுத்தது மதியந்தானாம்.

"இது எத்தினியாவது இன்டர்வியூ?"ன்னு கேட்டேன்.

"பதினொண்ணு"ன்னாங்க, சிரிச்சுக்கினே.

மறியல்ல ஒரு அண்ணன் கையை நீட்டி நிறுத்தினாரு. "இன்னாம்மா, எங்க போற?"

செல்வி கொஞ்சமும் தயங்கல. "வேலை கேட்டுப் போறேண்ணா. நீங்களும் அதுக்குத்தானே உக்காந்துக்கினு இருக்கீங்க?"

அவரு கூட்டத்துப் பக்கம் திரும்பி, "ரெண்டு பொண்ணுங்களுக்கும் வழி வுடுங்கடா!"ன்னு கத்தினாரு. ரோட்ல உக்காந்திருந்த மொத்தக் கூட்டமும் காலை மடக்கிக்கிச்சு.

பத்துக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேந்தோம்.

அங்க போனப்புறந்தான் தெரிஞ்சுது, எடுக்கப்போறது ஒரே ஒரு ஆளைத்தான். "தெரியுமே"ன்னாங்க செல்வி.

தெரிஞ்சேதான் என்னைக் கையோட கூட்டிக்கினு வந்திருக்காங்க.

அவங்க இடத்துல நானா இருந்தா சத்தமில்லாம தனியா எறங்கிப் போயிருப்பேன். நீங்க?