தியோமானுக்கு இரண்டு ஃபெரி

ஃபெரி டிக்கெட் விற்பவளுக்குக் கடலைப் பற்றி அதிகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, யார் யாரோடு பேசுவதில்லை என்பது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு தீவுகளுக்கு ஆள் அனுப்புவது என் பிழைப்பு. வாட்ஸ்அப் குழு தொடங்கி, சொந்தபந்தத்தை ஒரு முறையாவது சுற்றுலா அழைத்துப்போன பாவப்பட்டவராக நீங்கள் இருந்தால், ஒரு தே தாரிக் டீயோடு வந்து உட்காருங்கள். இது நம் கதை.

எத்தனை வேண்டுமானாலும்

கிள்ளானிலிருந்து தேவி என்ற பெண் வந்தாள். அவள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் கப்பலில் சரக்கு ஏற்றினாரே தவிர, தாம் ஒருநாளும் ஏறியதில்லை. எழுபதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, ஒரு தீவுக்குப் போய், இரண்டு மகன்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேக் வெட்ட வேண்டும் என்றாராம்.

சிக்கலே அந்த இரண்டு மகன்கள்தான். அண்ணன் குமாரும் தம்பி ரவியும் பேசி வருஷக்கணக்காகிறது. அப்பாவுக்காக இருவரும் தியோமான் தீவுக்கு வரச் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் ஒரே ஃபெரியில் ஏற மாட்டார்களாம். அப்படி என்ன சண்டை என்று கேட்டேன். என் வேலைக்கு அது தேவையே இல்லை, ஆனாலும் கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. தேவி அதற்குப் பிடி கொடுக்கவில்லை.

"எத்தனை போட் வேணும்னாலும் போடுங்கக்கா. கேக் வெட்டுறப்ப அப்பாவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர் நிக்கணும், அவ்வளவுதான்."

பக்கத்துத் தீவு

அடுத்த வாரம் தம்பி ரவி நேரிலேயே வந்துவிட்டார். செமினியில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கிறார். கையோடு ஒரு திட்டமும் கொண்டு வந்திருந்தார். குடும்பம் தியோமானில் தங்கட்டும், அவர் மட்டும் ரவா தீவில் தங்கிக்கொள்வார். கேக் வெட்டும் நேரத்துக்குப் படகில் வந்து, நின்று, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்.

பஸ் மாறுவதைப் போலத் தீவு மாறலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ரவாவிலிருந்து தியோமானுக்கு நேராகப் போக வழக்கமான ஃபெரி கிடையாது, கரைக்குத் திரும்பி, மெர்சிங் துறையில் மறுபடி ஏற வேண்டும் என்று விளக்கினேன். நீங்கள் வந்து சேர்வதற்குள் கேக்கில் எறும்பு ஏறிவிடும் என்றும் சொன்னேன். அவர் நம்பவில்லை. தம் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"என்ன மிஸ் சொல்றீங்க? மேப்புல பாருங்க, ஒரு விரல் தூரம்தான்லா!"

எந்தப் பக்கம்

அண்ணன் குமார் லோரி கம்பெனி நடத்துபவர். கீழே லோரியை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு மேலே வந்தார், அதனால் பாதிக் கண் சன்னலில் இருந்தது. நான் விடுவேனா? அந்தச் சண்டை எதனால் என்று சுற்றி வளைக்காமல் கேட்டேன். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போலக் கொட்டினார். ரவியின் கல்யாண விருந்தில், மண்டபத்தின் கடைசியில், டாய்லெட் கதவை ஒட்டிய மேசையில் அவரைக் குடும்பத்தோடு உட்கார வைத்துவிட்டார்களாம். கூடப் பிறந்த அண்ணன்! விருந்து முடியும்வரை கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்ததாம்.

இதற்காகவா இத்தனை வருஷம் என்று முதலில் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். தம்பியைத் தூக்கி வளர்த்தவர், தம்பியின் கல்யாணத்தில் முன் வரிசையை எதிர்பார்த்திருக்கிறார். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் கொதித்திருப்பேன். எழுந்து போகும்போது வாசலில் நின்று ஒன்று கேட்டார்.

"போட்ல டாய்லெட் எந்தப் பக்கம் மிஸ்? எனக்கு அதுக்கு நேர் எதிர்ப் பக்கமா சீட் போடுங்க."

ஒரே ஒரு ஃபெரி

மெர்சிங்கில் ஆறு கடலில் சேரும் இடம் ஆழமில்லாதது. கடல் தண்ணீர் ஏறினால்தான் ஃபெரி நகரும். அதனால் புறப்படும் நேரமும், ஒரு நாளைக்கு எத்தனை ஃபெரி என்பதும் நாளுக்கு நாள் மாறும். அந்த மாதத்து அட்டவணை வந்ததும் முதலில் எங்கள் தேதியைத் தேடினேன். நாங்கள் குறித்திருந்த சனிக்கிழமைக்கு ஒரே ஒரு ஃபெரி, பதினொரு மணிக்கு.

இரண்டு மகன்களில் ஒருவர் கழன்றுகொள்வது நிச்சயம் என்று நினைத்தேன். பெரியவர் ஆசைப்பட்டுக் கேட்டது அந்த ஒன்றைத்தான், அதுவும் கைவிட்டுப் போகப் போகிறதே என்று வருத்தமாக இருந்தது. தேவியிடம் சொன்னேன், அவள் அப்பாவிடம் சொன்னாள். அவர் இரண்டு மகன்களையும் தனித்தனியே அழைத்து, "வர முடியலன்னா பரவாயில்லப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாராம். திட்டியிருந்தால்கூடத் தப்பித்திருப்பார்கள். அன்றே இருவரும் தேவிக்கு "வரேன்" என்று செய்தி அனுப்பிவிட்டார்கள். எனக்கு வந்த போன் அவர்கள் அம்மாவுடையது. ஃபெரி ராகுகாலத்தில் கிளம்பக் கூடாது என்று சொல்லத்தான் அழைத்திருந்தார். சனிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்கே முடிந்துவிடும், ஃபெரி பதினொன்றுக்குத்தான் என்றேன்.

"பாத்தியாம்மா, நேரங்காலம் கடலுக்குத் தெரியுது, என் பிள்ளைங்களுக்குத்தான் தெரியல."

பை பிடிப்பவர்

பெரிய குழு என்றால் நானும் கூடப் போவது வழக்கம். வழக்கமே இல்லையென்றாலும் இதற்குப் போயிருப்பேன். மெர்சிங்கில் எல்லோருக்கும் வாந்தி மாத்திரை கொடுத்தேன். அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதற்காகவே தம்பி வேண்டாம் என்று மிடுக்காகக் கையை ஆட்டினார். ஏறியதும் குமார் கடைசி வரிசைக்குப் போனார், ரவி முதல் வரிசைக்குப் போனார். அப்பா நடுவில் உட்கார்ந்து, கொஞ்சம் முன்னே பார்ப்பார், கொஞ்சம் பின்னே பார்ப்பார். தேவி கேக் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நடுக்கடலில் ஃபெரி தூக்கித் தூக்கிப் போட்டது. ரவியின் முகம் வெளுத்தது, தலை தொங்கியது. நான் பையைத் தேடிக் கைப்பையைத் துழாவுவதற்குள், கடைசி வரிசையிலிருந்து குமார் சீட்டுகளைப் பிடித்தபடி தள்ளாடி வந்துவிட்டார். ஒரு கையில் பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடித்தார், மறு கையால் தம்பியின் நெற்றியைத் தாங்கினார். எல்லாம் முடிந்து ரவி நிமிர்ந்து, யார் என்று பார்த்தார். தலையை அப்படியே அண்ணன் தோளில் சாய்த்துக்கொண்டார். அப்பா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. பையை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று கை நீட்டினேன், குமார் தரவில்லை.

"விடுங்க மிஸ், ஸ்கூல் பஸ்லயே இவன் இப்படித்தான். பை பிடிக்கிறது எப்பவும் நான்தான்."

இத்தனை வருஷமாக வாந்தி மாத்திரையை வாரி வழங்கி எத்தனை அண்ணன் தம்பிகளைச் சேரவிடாமல் செய்திருக்கிறேனோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.