மூன்று முறம்

என் சித்தி தொல்லியல் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் ஆனையூரில் எங்கள் வீட்டில் இருந்தாள். ஒத்தக்கடையைத் தாண்டி ஒரு மானாவாரிக் காட்டில் வீட்டு மனை போட பொக்லைன் இறங்கியபோது பழைய தாழிகள் உடைந்து கிளம்பின. சித்தி தினமும் பஸ் ஏறிப் போய், தாழிகளோடு கிடந்த ஓடு, கல், உலோகத் துண்டுகளைக் குழி குழியாகப் பொறுக்கி வந்தாள். குழிக்கு ஒரு பை. ஒவ்வொரு பையிலும் எந்தக் குழி, எத்தனை அடி ஆழம் என்று எழுதிய சீட்டு. பூஜை லீவு முடிந்ததும் அதிகாரி ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. அவர் நம்பினால் மனை வேலை நிற்கும்.

“ஓட்டாஞ்சில்லு பொறுக்கத்தான் இம்புட்டுப் படிச்சியா?” என்று அம்மா கேட்காத நாளில்லை. அப்போதெல்லாம் சித்தி என்னிடம் ஒரு டென்மார்க்காரர் கதையைத் தொடங்குவாள். வியாபாரி மகனாம், பெரிய படிப்பு இல்லையாம். மியூசியத்தில் குவிந்து கிடந்த பழம்பொருள்களைக் கல், வெண்கலம், இரும்பு என்று மூன்றாகப் பிரித்து, எழுத்தில்லாத காலத்துக்கும் வரிசை உண்டு என்று காட்டியவராம். அவரையும் சொந்தக்காரர்கள் கேலி செய்திருப்பார்கள் என்பாள். அதற்கு மேல் கேட்க எனக்குப் பொறுமை இருந்ததில்லை, விளையாட ஓடிவிடுவேன்.

ஆயுத பூஜையன்று சித்தி காட்டுச் சொந்தக்காரரைப் பார்க்கப் போயிருந்தாள். அம்மா தையல் மிஷினைத் துடைத்துக்கொண்டே, “சித்தி சாமானையும் கழுவிப் பொட்டு வையி பாப்பா. அவளுக்குத் தொழில் அதுதான?” என்றாள். டென்மார்க்காரர் என் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். எல்லாப் பைகளையும் தொட்டியடியில் கவிழ்த்தேன். கல்லுக்கு ஒரு முறம், வெண்கலத்துக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று. ஓட்டாஞ்சில்லைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாததால் அவை கூடைக்குப் போயின. நனைந்த சீட்டுகளைக் குப்பையோடு கூட்டித் தள்ளினேன். மூன்று முறத்துக்கும் சந்தனம் தெளித்துக் குங்குமம் வைத்தேன்.

சித்தி வந்து பார்த்தாள். “சீட்டெல்லாம் எங்கத்தா?” என்றாள். சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அதிகாரி வந்து, எந்தக் குழியில் எதோடு எது கிடந்தது என்று கேட்டார். சித்தி என் பக்கம் திரும்பவே இல்லை. “நாந்தான் சார், எல்லாத்தையும் கலந்துட்டேன்” என்றாள். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கிளம்பினார். கொஞ்ச நாளில் அங்கே மனைக்கல் நட்டார்கள். சித்தி பழங்காநத்தத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனாள்.

ஒரே குழியில் எவையெவை சேர்ந்து கிடந்தன என்று பார்த்துத்தான் அந்த டென்மார்க்காரர் பிரித்தார் என்பதை வளர்ந்த பிறகு படித்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அதிகாரி போன அன்றோ, நான் சித்தியோடு பேச்சை நிறுத்திவிட்டேன். நாளெல்லாம் குந்தி நான் செய்த வேலையை, வந்தவரிடம் தான் செய்ததாகச் சொல்லிக்கொண்டாளே என்ற ஆத்திரம்.