தேரியில் அளந்த பாதை

ஓய்வு பெற்ற பிறகு நடப்பதற்கு எனக்குக் கிடைத்த துணை, பக்கத்துத் தெருத் தலைமையாசிரியர். அவரும் ஓய்வு பெற்றவர்தான். அதை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிறு முக்கூடலில் ஆற்றங்கரையோடு நடப்போம். அடுத்த ஞாயிறு திசையன்விளைக்குத் தெற்கே தேரிக்காடு. அங்கே செம்மணலில் பனைகளுக்கு ஊடே ஓர் ஒற்றையடிப் பாதை கடல்வரை போகிறது. பாதி வழியில் அவர் குடும்பத்துச் சாஸ்தா கோவில். பங்குனி உத்திரத்தன்று அங்கே பொங்கல் வைக்காமல் அவர் ஒரு வருஷமும் இருந்ததில்லை.

போன வருஷம் ஆடிக் காற்று ஓய்ந்தபின் நாங்கள் போனபோது பாதைக்குக் குறுக்கே முள்கம்பி. ஓர் ஆள் நுழைய மட்டும் இடைவெளி. பக்கத்துத் தோட்டத்தின் சொந்தக்காரர் அங்கேயே நின்றார்.

"ஆட்டுக்காகப் போட்டது அண்ணாச்சி. நீங்க இந்தச் சந்து வழியா போங்க."

தலைமையாசிரியர் போனார். திரும்பும்போது கொதித்தார்.

"பொதுப் பாதையில நான் சந்துக்குள்ள குனிஞ்சு போகணுமா வே? மனு எழுதுதேன். அளக்கட்டும்."

நான் வருவாய்த் துறையில் தலை நரைத்தவன். "தேரியில அளக்கச் சொல்லாதீரும்," என்றேன். காற்றில் மணல் நகரும். இந்த வருஷத்துப் பள்ளம் அடுத்த வருஷம் மேடு. ஜனங்கள் பள்ளம் பார்த்து நடப்பார்கள். பாதையும் கூடவே நகர்ந்துவிடும். நில அளவைப் படம் நகராது. "படம் வரைஞ்ச காலத்துல பாதை எங்கன கிடந்துச்சோ! பேசாம அந்த ஆளுக்கு ஒரு கிலோ அல்வா வாங்கிட்டுப் போவும்."

"அல்வாவா? சட்டம் படிச்ச மனுசன் பேசுத பேச்சா வே இது?"

"படிச்சதுனாலதான் சொல்லுதேன்."

மனு போயிற்று. இப்படிப்பட்ட மனுக்கள் வழக்கமாக நன்றாகத் தூங்கும். எங்கள் கெட்ட காலம், சுறுசுறுப்பான ஓர் அதிகாரி கையில் கிடைத்தது. அளவையர் வந்தார், கருவியை நட்டார், கொடி ஊன்றினார். படத்திலிருந்த பாதை கிழக்கே தள்ளி, இருப்பதிலேயே பெரிய மணல்மேட்டின் மேல் நேராக ஏறி இறங்கியது. முள்கம்பி இருந்தது தோட்டக்காரரின் சொந்தப் பட்டாவில். பொதுப் பாதையில் ஆக்கிரமிப்பு ஏதும் இல்லை, பொதுமக்கள் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று பதில் வந்தது. ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லை. நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

தோட்டக்காரர் கம்பியில் விட்டிருந்த இடைவெளியை அடைத்துவிட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி? சர்க்கார கூட்டிட்டு வந்துட்டீயளே. இனி அவங்க காட்டுன பாதையில போங்க."

பிறகு நானே அல்வாவோடு போனேன். அல்வாவை வாங்கிக்கொண்டார். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். மழை இல்லாததைப் பற்றி வெகுநேரம் பேசினார். கம்பியைப் பற்றிப் பேசவில்லை.

பங்குனி உத்திரம் வந்தது. தலைமையாசிரியரும் அவர் மனைவியும் பானை, அரிசி, வெல்லத்தோடு புறப்பட்டார்கள். விறகுக் கட்டு என் தோளில். நேரில் நின்று கேட்டால் தோட்டக்காரர் மனம் இளகியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அவரவர் சாஸ்தா கோவிலுக்குப் போகாமல் யார் ஊரில் இருப்பார்கள்? அவருடைய சாஸ்தா வேறோர் ஊரில். குடும்பத்தோடு அங்கே போய்விட்டார். தோட்டத்து வாசல் படலில் பூட்டுத் தொங்கியது.

அரசாங்கப் பாதையில் ஏறினோம். ஓரடி வைத்தால் மணல் இரண்டடி கீழே இழுத்தது. பாதி மேட்டில் அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மூட்டுவலி. கீழே கம்பிக்கு அப்பால், கூப்பிடு தூரத்தில், கோவில் தெரிந்தது.

"இங்கனயே வச்சிருவோம். சாமிக்குக் கண்ணு தெரியும்லா," என்றார் அந்த அம்மாள்.

மணலில் அடுப்புக்கல் நிற்கவில்லை. காற்று நெருப்பை அணைத்துக்கொண்டே இருந்தது. அரை வேக்காட்டில் இறக்கி, கோவில் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டோம். தலைமையாசிரியர் ஒரு வாய் போட்டு, மணல் நறநறக்க மென்று விழுங்கினார்.

"இதுக்கு மேல்முறையீடு உண்டா வே?"

"உண்டு."

"யாருக்கு?"

சொன்னேன். கெடுவையும் சொன்னேன். அவர் மனைவி மிச்சப் பொங்கலைக் காக்கைக்கு வைத்துவிட்டு, பானையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்.