பொதியில் வந்த பள்ளிக்கூடச் சட்டை

அட்டைப் பெட்டியின் ஒட்டுநாடாவை அம்மா கத்தியால் கீறியதும் முதலில் வெளியே வந்தது ஒரு வாசம். எங்கள் குளியலறையில் காயும் துணிகளின் ஈர வாசமோ, அம்மா வேலை செய்த முதியோர் இல்லத்துச் சலவைத்தூளின் மூக்கை அரிக்கும் நெடியோ அல்ல. பூவையும் பழத்தையும் கலந்து சீனி தூவியதுபோலத் தித்திப்பான வாசம். அமெரிக்காவில் துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் ஒரு தாளைப் போடுவார்களாம், அதன் வாசம் அது என்று பின்னாளில் அறிந்தேன். நியூ ஜெர்சியில் இருந்த சின்னம்மா, தன் மகள் ஷர்மி அக்காவுக்கு அளவில்லாமல் போன உடுப்புகளை வருடத்துக்கு ஒருமுறை எனக்கு அனுப்புவார். ஜெர்மனியின் வுப்பர்டாலில் மேட்டுத் தெருவொன்றின் மூன்றாம் மாடியில் இருந்த எங்கள் வீட்டில் அதற்கு "அமெரிக்கப் பார்சல்" என்று பெயர். அந்தத் தடவை அதில் மூன்று கருநீலக் கொலர் சட்டைகளும், மணல் நிறத்தில் மடிப்பு வைத்த இரண்டு பாவாடைகளும் இருந்தன. சட்டைகளின் இடது மார்பில் ஒரு கழுகும் விரித்த புத்தகமும் நூலால் தைக்கப்பட்டிருந்தன. ஷர்மி அக்காவின் பள்ளிக்கூடச் சீருடை.

அம்மா அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த விதத்தை நான் மறக்கவில்லை. "இஞ்சை பார் பிள்ளை, யூனிபோம்!" என்றார். அமெரிக்காவிலும் எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் சீருடை கிடையாது, பெரும்பாலான பிள்ளைகள் ஜீன்ஸோடுதான் போகிறார்கள், ஷர்மி அக்கா படித்தது தேவாலயம் நடத்திய சிறிய பள்ளிக்கூடம் என்பதால்தான் இது என்று சின்னம்மா தொலைபேசியில் எத்தனையோ தரம் விளக்கியிருந்தார். அம்மாவின் காதில் அது ஏறவில்லை. யாழ்ப்பாணத்தில் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் கட்டும் ரையும் இரட்டைப் பின்னலுமாகப் படித்தவருக்கு, சீருடை இல்லாத பள்ளிக்கூடம் பாதிப் பள்ளிக்கூடம்தான்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு முன்கதை உண்டு. நான் முதலாம் வகுப்பில் சேர்ந்தபோது, வாங்கவேண்டிய சாமான்களின் பட்டியலைப் பள்ளிக்கூடம் அனுப்பியிருந்தது. அப்பா அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே கோடு போட்டு, பென்சில் முதல் வகுப்புக்குள் போடும் செருப்பு வரை ஒன்றும் விடாமல் வாங்கினார். அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று, முதல் நாளன்று ஒவ்வொரு பிள்ளையும் கட்டிப்பிடித்துக்கொண்டு வருகிற, இனிப்புகள் நிறைத்த பெரிய காகிதக் கூம்பு. ஜெர்மனியில் பிறந்தவர் எவருக்கும் அதை எழுதிச் சொல்லத் தேவையில்லை; எங்களுக்குத் தேவையாயிருந்தது. நானோ அம்மா தைத்த வெள்ளைச் சட்டை, நீல ரை, ரிபன் வைத்து மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னலோடு போய் நின்றேன். அன்று எடுத்த வகுப்புப் படத்தில் எல்லார் கையிலும் ஒவ்வொரு கூம்பு. என் கழுத்தில் மட்டும் ஒரு ரை. திரும்பி வரும்போது அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மற்றப் பிள்ளையள் எல்லாம் கலியாண வீட்டுக்கு வந்த மாதிரியெல்லோ வந்தவை. என்ரை பிள்ளை ஒண்டுதான் பள்ளிக்கூடத்துக்கு வந்தது." அன்று மாலை அப்பா கடைக்கு ஓடிப்போய் ஒரு கூம்பு வாங்கி வந்தார். அது இரண்டு வருடம் அலுமாரிக்கு மேலே தூசு பிடித்துக் கிடந்தது.

ஆக, நாலாம் வகுப்பு இலையுதிர் காலத்தில் அந்த நீலச் சட்டை வந்தபோது அதைப் போடச் சொன்னது அம்மாதான். போட்டுக்கொண்டே இருக்க முடிவு செய்தது நான். இந்த வித்தியாசத்தை அப்போது ஒருவரும் கவனிக்கவில்லை, நான்கூட அரைகுறையாகத்தான் உணர்ந்தேன். எங்கள் வகுப்பில் "சீருடை இல்லாத சுதந்திரம்" என்று பெரியவர்கள் பெருமைப்பட்ட விஷயத்தின் உண்மையான முகம் என்னவென்றால், உடற்பயிற்சி வகுப்புக்கு உடை மாற்றும்போது பெண் பிள்ளைகள் பின்னால் வந்து என் கழுத்துப் பட்டியை மடித்து என்ன கொம்பனி என்று வாசிப்பார்கள். வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார்கள், சும்மா விட்டுவிடுவார்கள், அதுதான் சுடும். சீருடையில் வாசிக்க ஒன்றுமில்லை. கழுகும் புத்தகமும்தான். நான் விமானப் பணிப்பெண்ணா என்று இரண்டு நாள் கேலி செய்தார்கள், மூன்றாம் நாள் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். அதன் பிறகு என் கழுத்தின் பின்புறம் எனக்கே சொந்தமாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஷர்மி அக்கா தொலைபேசியில் வருவாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், பத்து வயது மூத்தவள் மாதிரிப் பேசுவாள். அவளுடைய மஞ்சள் பஸ் அவர்கள் தெரு மூலைக்கே வருமாம். நின்றதும் பக்கவாட்டிலிருந்து ஒரு சிவப்புப் பலகை கைபோல நீளுமாம், அது நீண்டால் தெருவின் இரண்டு பக்கமும் வருகிற அத்தனை கார்களும் அப்படியே நிற்கவேண்டுமாம், கடைசிப் பிள்ளை ஏறி இருக்கும்வரை ஒருவரும் அசையக்கூடாதாம். ஓட்டுகிற அம்மாவுக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தெரியுமாம். எனக்கு வயிறு எரியும். எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தனி பஸ் ஏது? வேலைக்குப் போகிறவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், இருமுகிறவர்கள் எல்லாரோடும் நசுங்கிக்கொண்டு ஊர் பஸ்ஸில்தான் போகவேண்டும். முதுகுப் பை இடித்தால் ஏதாவதொரு மூதாட்டி முறைப்பார். சாரதி சீட்டைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார். நேரமானால் கதவு மூடும். நீங்கள் இரண்டடி தூரத்தில் ஓடிவந்தாலும் அவர் கண்ணாடியில் உங்களைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார். ஒரு நாட்டில் பிள்ளைக்காகத் தெருவே நிற்கிறது, இன்னொரு நாட்டில் பிள்ளை தெருவோடு ஓடவேண்டியிருக்கிறது என்று ஒன்பது வயதில் எனக்குக் கோபம் கோபமாக வரும்.

ஜெர்மன் பள்ளிக்கூடங்களில் நாலாம் வகுப்பு முடியும்போது பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். பல்கலைக்கழகம் வரை கொண்டுபோகும் "கிம்னாசியம்" ஒன்று, மற்றவை சீக்கிரமே தொழிலுக்கு அனுப்புபவை. யார் எங்கே என்று வகுப்பாசிரியர்தான் எழுதிக் கொடுப்பார், அந்தக் காலத்தில் அந்தக் கடிதம் கிட்டத்தட்ட விதி. எங்கள் வகுப்பாசிரியர் திருமதி லிண்ட்னர். கெட்டவர் என்று சொன்னால் பொய். நல்லவர்; என்னைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட்டார், அதுதான் வினையாயிற்று.

குளிர்காலத்தில் அம்மாவை ஒரு "ரெர்மின்" கொடுத்து, அதாவது சந்திக்க நாளும் நேரமும் குறித்து, கூப்பிட்டார். அம்மா சலவை வேலையிலிருந்து நேரே வந்தார். நாங்கள் மூவரும் பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் முழங்கால் மேசையில் இடிக்க இருந்தோம். அம்மாவின் ஜெர்மன் வேலையிடத்துக்குப் போதுமே தவிர இந்தப் பேச்சுக்குப் போதாது என்பதால் மொழிபெயர்த்தது நான்தான். என்னைப் பற்றிய தீர்ப்பை நானே வாக்கியம் வாக்கியமாகத் தமிழாக்கிக் கொடுத்தேன். புள்ளிகள் நல்லவை, என்றார் ஆசிரியர். ஆனால் பிள்ளை வாயே திறப்பதில்லை, கை உயர்த்துவதில்லை, சொன்னதைச் செய்கிறாளே தவிர சுயமாக எதையும் தீர்மானிப்பதில்லை. இந்த உடுப்பையே பாருங்கள், ஒவ்வொரு நாளும் வீட்டில் போட்டுவிட்டதைப் போட்டுக்கொண்டு வருகிறாள். கிம்னாசியத்தில் சொந்தக் குரல் உள்ள பிள்ளைகள்தான் தாக்குப்பிடிப்பார்கள். இவள் அங்கே துன்பப்படுவாள்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார். நான் சொன்னேன், ஒரு சொல்லும் குறைக்காமல். அம்மாவின் முகம் சிவந்தது. "பிள்ளை படிக்கிறதை விட்டுட்டு ஏன் சட்டையைப் பாக்கிறாவாம்? கேள்." நான் கேட்டேன், கொஞ்சம் மரியாதையாக மாற்றி. திருமதி லிண்ட்னர் பெருமூச்சு விட்டு அம்மாவின் கையைத் தடவிக் கொடுத்தார். அந்தத் தடவலை மட்டும் மொழிபெயர்க்கத் தேவை வரவில்லை.

அப்பா அன்று மாலை தேத்தண்ணியோடு இருந்துகொண்டு விளக்கினார்: "யுத்தத்துக்கு முன்னம் இவையள் ஒருக்கால் எல்லாருக்கும் ஒரே உடுப்பைப் போட்டுவிட்டு நாடே நாசமாப் போனது. அதாலை யூனிபோம் எண்டால் இவைக்குப் பயம். அவ பிழையாச் சொல்லேல்லை." அம்மா எழும்பிப் போய், கொடியில் தொங்கிய மூன்று சட்டைகளையும் இரண்டு பாவாடைகளையும் மடித்து அந்தப் பழைய அட்டைப் பெட்டிக்குள் வைத்தார். "காணும். நாளையிலிருந்து ஜீன்ஸைப் போடு. உன்ரை படிப்பைவிடச் சட்டையே பெரிசு?"

எதற்கும் மசியாத என் அம்மா எனக்காக மசிந்தார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அதோடு ஒரு கணக்கும் எனக்குப் பிடிபட்டது: இப்போது நான் சட்டையைக் கழற்றினால், சொன்னதைச் செய்கிற பிள்ளை என்று ஆசிரியர் சொன்னது உண்மையாகிவிடும்.

"ஏலாது" என்றேன்.

அந்தச் சொல்லை நான் அம்மாவிடம் சொன்னது அதுவே முதல் தடவை. "உனக்கென்ன விசரே?" என்று அம்மா கத்தினார், "ஏலாது எண்டால் நீயே அயர்ன் பண்ணு" என்றார். சலவைக் கூடத்தில் நாள் முழுக்க அயர்ன் பெட்டி தேய்க்கிறவர் எங்கள் வீட்டில் என் உடுப்பைத் தொட மறுத்தார். நானே தேய்த்தேன். முதல் நாளே ஒரு பாவாடையின் முன் மடிப்பில் பெட்டியின் மூக்கு அளவுக்குப் பழுப்பு நிறமாகக் கருக்கினேன். அதையும் போட்டுக்கொண்டு போனேன்.

கடிதம் வந்தது, கிம்னாசியம் வேண்டாம் என்று. பெற்றோர் ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொரு வழி இருந்தது. பிள்ளை மூன்று நாள் வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் போய், முன்பின் தெரியாத ஆசிரியர்கள் முன் படித்துக் காட்டவேண்டும். அவர்கள் எல்லாரும் ஒரே குரலில் தகுதியில்லை என்றால்தான் கதவு சாத்தப்படும். அப்பா அதற்கான விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தார். முதல் நாள் கூட்டிக்கொண்டும் போனார். இரண்டாம் நாள் அவருக்கும் வேலை, அம்மாவுக்கும் வேலை, தனியாகப் போகவேண்டியதாயிற்று.

மழை. தொங்கு ரயில் நிலையத்துக்குக் கீழே பஸ் மாறவேண்டும். நான் ஓடி வருவதற்குள் கதவு மூடிவிட்டது. முன்னால் சிவப்பு விளக்கு எரிந்ததால் பஸ் நகரவில்லை. கதவைத் தட்டினேன். சாரதி கண்ணாடியில் பார்த்தார், தலையை ஆட்டினார், நேரே பார்க்கத் தொடங்கினார். அடுத்த பஸ்ஸில் போனால் தாமதம். தாமதமாகப் போனால் அவர்கள் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் செய்தது சரியென்று இன்றும் எந்தப் பிள்ளைக்கும் சொல்லமாட்டேன். பஸ்ஸின் முகத்துக்கு நேரே போய் நின்று, ஷர்மி அக்காவின் சிவப்புப் பலகைபோல ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி, "ஹால்ட்!" என்று கத்தினேன். என் தொண்டைக்குள் அப்படி ஒரு சத்தம் இருந்தது எனக்கே அன்றுதான் தெரியும். விளக்கு பச்சையாகிவிட்டது, பின்னால் கார்கள் ஹோர்ன் அடித்தன. சாரதி வாய்க்குள் என்னென்னவோ திட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். நான் சீட்டைக் காட்டி, காலை வணக்கம் சொல்லி ஏறினேன்.

வகுப்பில் நெஞ்சு அடங்காமலே கை உயர்த்தினேன், அடுத்தடுத்து உயர்த்தினேன். இடைவேளையில் குறிப்புப் புத்தகம் வைத்திருந்த ஓர் ஆசிரியர் என் மார்பிலிருந்த கழுகைக் காட்டி, இது எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். அமெரிக்காவில் ஒன்று, என்றேன். அங்கே படித்தாயா? இல்லை. பிறகேன் போடுகிறாய்? எனக்குப் பிடித்திருக்கிறது, கழற்றச் சொன்னார்கள், நான் கழற்றவில்லை, என்றேன். அவர் சிரித்துவிட்டு ஏதோ எழுதினார். அது என்ன என்று இரண்டு வாரம் யோசித்து யோசித்துச் சோறு இறங்கவில்லை.

கிம்னாசியத்தில் சேரலாம் என்ற கடிதத்தை அப்பா வாசித்து முடித்ததும் அம்மா போய் அயர்ன் மேசையை விரித்தார். "கருகின பாவாடையோடையே உந்தப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகப்போறாய்? கொண்டா இஞ்சை" என்றார். கருகின இடத்தை உள்ளே தள்ளி மடிப்பை மாற்றித் தைத்தார். குனிந்துகொண்டே அழுதார், நானும் அழுதேன்.

இன்று அந்த மூன்று நாள் சோதனை இல்லை, எடுத்துவிட்டார்கள். ஆசிரியரின் கடிதமும் இப்போது ஆலோசனைதான். ஷர்மி அக்காவின் பள்ளிக்கூடம் பிள்ளைகள் போதாமல் மூடப்பட்டுவிட்டது. அந்த மஞ்சள் பஸ்ஸில் பின் இருக்கைப் பையன்கள் தன் பின்னலை இழுத்து அழவைத்ததை அவள் எனக்குச் சொன்னதே போன வருடம்தான். சட்டைகள் துடைக்கும் துணிகளாகி, பிறகு அதுவும் இல்லாமல் போயின.

போன இலையுதிர் காலத்தில் அதே ஊர் பஸ்ஸில் கைத்தடியோடு ஒரு மூதாட்டி ஏறினார். எழும்பி இடம் கொடுத்த பிறகுதான் திருமதி லிண்ட்னர் என்று தெரிந்தது. என் பெயரை மறக்கவில்லை. நான் பொறியியல் படித்து வேலை பார்ப்பதைக் கேட்டு உண்மையாகவே மகிழ்ந்தார். என் மஞ்சள் மழைக்கோட்டைத் தொட்டுப் பார்த்து, "அந்தச் சீருடையை விட்டதும் நீ மலர்ந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும்" என்றார்.

"விடவில்லை" என்றேன். "பொத்தான் பூட்ட முடியாமல் போகும்வரை, இன்னும் இரண்டு வருடம் அதைத்தான் போட்டேன். அம்மா கழற்றச் சொன்னார். மாட்டேன் என்றது நான்."

அவர் மழைக்கோட்டிலிருந்து கையை எடுத்தார். "இதை நீ ஏன் அன்றைக்கு என்னிடம் சொல்லவில்லை?"

"நீங்கள் என்னைக் கேட்கவில்லை. மொழிபெயர்க்கத்தான் சொன்னீர்கள்."

அவர் இறங்கவேண்டிய பஸ் தரிப்பு வந்தது. தடியை ஊன்றி எழும்பி அவர் வாசலுக்குப் போவதற்குள் கதவு மூடத் தொடங்கிவிட்டது. சாரதி கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கத்தினேன், அன்றைய அதே சத்தத்தில். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, கதவு திறந்தது. கீழே இறங்கிய திருமதி லிண்ட்னர் நடைபாதையில் நின்று, பஸ் நகரும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.