நீல டிக் வாங்கிய ரோஹன்

தொம்மலூர் காபிக் கடையில் இன்று மாலை அந்த ஆளைப் பார்த்தேன். போன வருஷம் டேட்டிங் ஆப்பில் கார்த்திக் என்ற பெயரில் அறிமுகமாகி, நான் வேண்டாம் என்றதும் நான் தங்கியிருந்த பிஜி விடுதி வாசல்வரை பின்தொடர்ந்து வந்தவன். புகார் கொடுத்தேன். கணக்கை நீக்கிவிட்டதாக ஆப்காரர்கள் சொன்னார்கள்.

இன்று அவன் எதிரே வேறொரு பெண். இந்தக் கன்னட ஊரில் அவளும் என்னைப் போலத் தமிழ்; பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நேரே அந்த மேஜைக்குப் போனேன்.

"இவர் பேரு என்னன்னு சொன்னாருங்க?" என்று அவளிடம் கேட்டேன்.

"ரோஹன். ஏன்?"

"என்கிட்ட கார்த்திக்னு சொன்னாரு. வேணாம்னு சொன்னதுக்கு வீடு வரைக்கும் பின்னாடியே வந்தாரு."

அவள் போனில் அதே ஆப்பைத் திறந்து காட்டினாள். "வெரிஃபைடுன்னு நீல டிக் இருக்கே?"

"அது மூஞ்சியும் போட்டோவும் ஒண்ணான்னு மட்டும்தாங்க பாக்கும்."

அவன் எழுந்து கத்தினான். "பொய் சொல்றா! மானநஷ்ட கேஸ் போடுவேன்!"

"போடுங்க. கோர்ட்லயாவது நிஜப் பேரைச் சொல்லித்தானே ஆகணும்."

அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு என்னோடு வெளியே வந்துவிட்டாள்.

இந்த ஊரில் ஒரு பெண் தனியாக வாடகைக்கு வீடு கேட்டால் ஆதார், ஆபீஸ் லெட்டர், அப்பா நம்பர் எல்லாம் கேட்கிறார்கள். இவனுக்கு ஒரு செல்ஃபி போதுமாம். ஆளை விசாரித்துத்தான் ஆப்பில் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தால் யாருக்கு வலிக்கும்? வலிக்கிறவர்கள் கமெண்டில் வரிசையாக வாருங்கள்.