குறையாத எண்ணெய்

எங்கள் டிராக்டர் எண்ணெய் குடிக்காது என்று நைனா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஊரான ஆரம்பாக்கத்துக்கு ஆந்திரா கூப்பிடு தூரம், அதனால் ஒட்டிக்கொண்ட தெலுங்குச் சொல். மற்ற வண்டிகளில் இன்ஜின் ஆயில் குறையும். எங்கள் வண்டியிலோ ஊற்றாமலே ஏறியது. வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி, ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியை உருவிக் காட்டுவார். அம்மா வெள்ளிக்கிழமை தோறும் அந்த வண்டிக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். லட்சுமி எங்கள் வீட்டுக்கு இன்ஜின் வழியாகத்தான் வந்திருக்கிறாள் என்று நானும் நம்பினேன்.

அது பழைய பெட்ரோல் வண்டி. பெட்ரோலில் கிளப்பி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் கிருஷ்ணாயிலுக்கு, திருப்பி ஓட்ட வேண்டும். எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறியதும் நைனாவுக்கு அதுவரை பொறுமை இருக்கவில்லை. "கெளம்பிச்சா, ஒடனே திருப்பு. பெட்ரோலு இன்னா பச்சத் தண்ணியா?" என்பார். வண்டியை ஓட்டியவர் மாமா, அம்மாவின் தம்பி. கொஞ்சம் சூடேறட்டும் என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்புறம் சொன்னபடியே திருப்பினார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. அம்மா கல்யாணமாகி வந்தபோது கூடவே வந்தவர். எங்கள் வீட்டை விட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது.

நைனா ஊருக்கு நல்லவர். கோயில் காரியம், சாவு காரியம் எதுவானாலும் முதல் ஆளாக நிற்பார். ஆனால் வெளியில் யாராவது அவர் முகத்துக்கு நேரே ஒரு சொல் சொல்லிவிட்டால், அது வீட்டுக்கு வந்து அம்மாவின் முதுகில் விழும். அந்த நாட்களில் நான் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். மாமா சாப்பிடாமல் வயல் பக்கம் போய்விடுவார்.

எனக்கு ஒன்பது வயதானபோது, உழவு மும்முரமாக இருந்த நேரத்தில், வண்டி சேற்றில் நின்று திணறியது. வெளுத்த புகையைக் கக்கியது. அதை வீட்டு வாசலுக்கு இழுத்து வந்துவிட்டு, புதுவாயலில் லாரி வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் சைக்கிளில் வந்து இறங்கியபோது, எங்கள் வண்டியை நம்பி நிலத்தில் தண்ணீர் கட்டியிருந்த பத்துப் பேர் வாசலில் கூடியிருந்தார்கள்.

அவர் முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினார். கையை எதிர்த்துத் தள்ள வேண்டிய ஹேண்டில் கிணற்று ராட்டினம் போல லேசாகச் சுழன்றது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கரண்டி கெட்டி ஆயிலை விட்டு, திரும்ப மாட்டிச் சுற்றினார். இப்போது ஹேண்டில் முரண்டு பிடித்தது.

"பிஸ்டன் ரிங்கு தேஞ்சி பூட்ச்சிண்ணே. அதான் புது ஆயிலு சந்த அடச்சதும் கொஞ்ச நேரம் புடிக்குது," என்றார்.

பிறகு நைனா ஊருக்கெல்லாம் காட்டிய அந்தக் கம்பியை உருவினார். ஆயிலை இரண்டு விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

"இது ஆயிலாண்ணே? பாதி கிருஷ்ணாயிலு. சூடேறாம மாத்துனா எரியாம கீழ எறங்கும். ஆயில தண்ணியாக்கி எல்லாத்தயும் தேச்சிடும். நீங்க ஏறுது ஏறுதுன்னு பாத்துக்கினு இருந்தீங்களா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நைனாவின் முகம் கறுத்தது.

"யாரு இந்த மாதிரி மாத்தச் சொன்னது?" என்று மெக்கானிக் கேட்டார்.

எனக்கு விடை தெரியும். பள்ளிக்கூடத்தில் கை தூக்குகிற பிள்ளையைப் போல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா பேசிவிட்டார்.

"நான்தாண்ணே மாத்தினேன். அவரு வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் பேச்சு கேக்கல."

ஒரு கணம் நைனாவே திகைத்துப்போனார். அப்புறம் மாமாவின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். சோறு போட்டு வளர்த்ததற்கு இதுவா பலன், இனிமேல் இந்த வீட்டு வாசலை மிதிக்காதே என்று கத்தினார். சிரித்தவர்கள் இப்போது நைனாவுக்காகப் பரிதாபப்பட்டார்கள். மச்சானை நம்பி மோசம் போன மனுஷன் என்று ஒருவர் சொன்னார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடனே திருப்பு என்று நைனா மாமாவை விரட்டியதையெல்லாம் என்னைப் போல அவளும் கேட்டிருக்கிறாள்.

மாமா இரண்டு சட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "பொய் சொல்றவங்க கூட நான் பேச மாட்டேன்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் என் தலையைத் தொட்டுவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். பின்னால் மெட்ராஸில் ஏதோ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்வி. என் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. அன்றைக்கு அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலம் நைனா அமைதியாகச் சாப்பிட்டார். மீன் குழம்பை இன்னொரு தரம் கேட்டு வாங்கினார். அம்மாவின் மேல் ஒரு விரல்கூடப் படவில்லை. வண்டியே போய்விட்டது, அப்படியும் நைனாவுக்குக் கோபம் வரவில்லையே, எவ்வளவு நல்லவர் என்று நினைத்துக்கொண்டே நான் நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.