சேறு ஒட்டாத பூட்ஸ்

ஊரில் அவளை மழைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். மழையை வரவழைக்கிற வித்தை எதுவும் அவளிடம் கிடையாது. பெய்து ஓய்ந்த மழையை அளந்து எழுதுவது அவள் வேலை. மலைமேல் ஐந்து இடங்களில் வானிலை அலுவலகம் மழைமானி நட்டு வைத்திருந்தது. இடுப்பு உயரத் தகர உருளை, வாயில் ஒரு புனல், உள்ளே ஒரு குடுவை. மாதம் ஒருமுறை ஏறிப்போய், குடுவையில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, நோட்டில் எழுத வேண்டும். காலியான குடுவையில் ஒரு கரண்டி எண்ணெய் விட வேண்டும். அடுத்துச் சேரும் தண்ணீரின் மேல் அது ஆடையாக மிதந்து, வெயில் குடித்துவிடாமல் காக்கும். ஐந்தையும் முடிக்க மூன்று பகல், நடுவில் இரண்டு இரவு. துணைக்கு ஆள் கொடுக்க அலுவலகத்தில் வழியில்லை.

முன்பு அந்த வேலையைப் பார்த்தவர் இடுப்பு பிடித்துக்கொண்டு நின்றுபோனபோது, அலுவலகத்தைக் கூட்டிக்கொண்டிருந்த இவள் விளக்குமாற்றைச் சுவரோரம் சாத்திவிட்டு, நான் போறேன் சார் என்றாளாம். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. புருஷன் செத்து அப்போது ஏழு மாதம், கூட்டும் வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. முதல்முறை ஏறியபோது, உச்சியில் நின்று ஒரு பாட்டு முழுவதையும் வாய்விட்டுப் பாடினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் குரல் அவ்வளவு உயரம் போனதில்லை.

பயமில்லாதவள் என்று சொல்லிவிட முடியாது. பயத்தைப் பழக்கி வேலை வாங்கத் தெரிந்தவள், அவ்வளவுதான். பாதையில் யாராவது எங்கே தங்கல் என்று கேட்டால், அவர் பின்னாடி வர்றார், இன்னைக்கே இறங்கிடுவோம் என்பாள். சாயங்காலம் ஓரிடத்தில் சமைத்துச் சாப்பிட்டு, சாம்பலைக் கலைத்துவிட்டு, கொஞ்ச தூரம் தள்ளி வேறிடத்தில் கூடாரம் அடிப்பாள். புகையைப் பார்த்து வருகிறவனுக்குச் சுட்ட கல்தான் மிச்சம். கூடாரத்துக்குள் விளக்கேற்ற மாட்டாள். துணியில் விழும் ஒற்றை நிழல் காட்டிக்கொடுத்துவிடும். கழுத்தில் விசில். மலையடிவாரத்து டீக்கடைக்காரரிடம் எந்த மேட்டில் படுக்கை, எத்தனை மணிக்கு இறக்கம் என்று ஒப்பித்துவிட்டுத்தான் ஏறுவாள்.

இதற்கெல்லாம் மேலே, பூட்ஸ். கல் குவாரியில் புருஷன் போட்டுக்கொண்டிருந்த கனத்த பூட்ஸ், முனையில் இரும்பு வைத்தது. அந்த இரும்பை அவளுடைய இடது முழங்கால் நன்றாக அறியும். இன்றைக்கும் இறக்கத்தில் இறங்கும்போது அது நினைவுபடுத்தும். அவன் போன பிறகு துணிமணியை எல்லாம் கொடுத்துவிட்டாள். பூட்ஸை மட்டும் வைத்துக்கொண்டாள். கூடாரத்து வாசலில் முனை வெளியே பார்க்க, ஒன்று கொஞ்சம் சாய்ந்தாற்போல், களைத்து வந்தவன் கழற்றி எறிந்த மாதிரி வைப்பாள். பிறகு, "ஏங்க, பாய் விரிச்சாச்சு, வாங்க" என்று உரக்கச் சொல்வாள். உயிரோடு இருந்தவனை அவள் அவ்வளவு குழைந்து கூப்பிட்டதே இல்லை. உதைத்த காலுக்குக் காவல் வேலை கொடுத்திருக்கேன் என்று மகளிடம் ஒருமுறை சொன்னாள். மகள் சிரிக்கவில்லை. தையல் கடையில் காஜா எடுக்கிற பெண்; ஊசியைப் பல்லில் கடித்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மாதம் ஒரு குறையுமில்லாமல் போயிற்று. ஐந்தாம் மாதம், இரண்டாவது தங்கலில், விடிந்து கூடாரத்து ஜிப்பைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பூட்ஸ் திரும்பியிருந்தது. இரண்டும் ஒட்டி நின்று, இரும்பு முனைகள் உள்ளே பார்த்தன. யாரோ வாசலில் நின்று அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல.

அவன் நிற்கிற நிற்பு அது. சோறு வைக்கத் தாமதமானால் அடுப்படி வாசலில் கால்களை ஒட்டி வைத்து அப்படித்தான் நிற்பான், ஒரு வார்த்தை பேசமாட்டான். இத்தனை மாதமாக வாங்க வாங்க என்று கூப்பிட்டோமே, வந்துவிட்டானோ என்று நினைத்தாள். நரியாக இருக்கும் என்றும் நினைத்துப் பார்த்தாள். நரி ஜோடி சேர்த்து வைக்காது.

வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் முகம் மறைத்ததைக் கை மறைக்க முடியுமா, டம்ளரை இரண்டுமுறை கீழே போட்டாள். மகள் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"என்னன்னு சொல்ல வேண்டாம்மா. கடையில பட்டன் தைக்க ஆள் கேக்குறாங்க. உக்காந்த இடத்துல வேலை. வந்துரு."

அடுத்த வருஷத்துக்கான வேலைத்தாள் அப்போதுதான் வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள். அதை மடித்துத் தலையணைக்கடியில் வைத்தாள். வீட்டுக்குள் அடைந்து கிடந்த பதினெட்டு வருஷமும் அந்தத் தலையணைக்குத் தெரியும். இன்னும் ஒரே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று பூட்ஸையும் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அந்தமுறை மழை. இரண்டாவது தங்கலில் இரவு முழுக்கப் பெய்து, விடியக் கருக்கலில் ஓய்ந்தது. அவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே படுத்திருந்தாள், எப்போது அசந்தாள் என்று தெரியவில்லை. எழுந்தபோது வெளிச்சம் வந்திருந்தது. ஜிப்பை விரலளவு திறந்தாள்.

பூட்ஸ் வைத்த இடத்திலேயே, வைத்தபடியே இருந்தது. ஆனால் கணுக்கால்வரை சேறு. கூடாரத்தைச் சுற்றி, ஈர மண்ணில், பெரிய பெரிய காலடிகள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. பாதைவரை போய்த் திரும்பி வந்திருந்தன. குதிகாலின் வெளிப்பக்கம் ஆழமாக அழுந்தியிருந்தது. அவன் அப்படித்தான் நடப்பான், அந்தப் பூட்ஸின் அடி அந்தப் பக்கம்தான் தேய்ந்திருக்கும்.

விசிலை வாயில் வைத்தாள்.

"ஊதாதக்கா. நான்தான்."

பாறைக்குப் பக்கத்தில் ஒரு பெண் குந்தியிருந்தாள். எதிர்ச் சரிவில் இந்தப் பருவத்துக்கு ஆடு ஓட்டி வந்திருந்தவள், முப்பது வயதிருக்கும். தூரத்தில் இரண்டொரு தடவை கை காட்டிக்கொண்டதுதான் பழக்கம். காலில் ரப்பர் செருப்பு, விரலிடுக்கெல்லாம் சேறு. அவள் சாவகாசமாகப் பேச ஆரம்பித்தாள்.

போன மாதம் விடிகாலையில் ஒருத்தன் கூடாரத்துக்கு வந்ததை அவள் சரிவிலிருந்து பார்த்தாளாம். வாசலில் குனிந்து, பூட்ஸை ஒவ்வொன்றாகத் தூக்கி, அடியைத் திருப்பிப் பார்த்தானாம். திரும்ப வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனானாம். தான் ஆட்டை விட்டுவிட்டு ஓடி வருவதற்குள் ஆளைக் காணோமாம். பிறகு டீக்கடையில் அவனும் இன்னொருத்தனும் அதையே பேசிச் சிரித்தார்களாம்.

"நாலு பேர் இருக்குற கடையில சொல்றான், அவளுக்குத் துணை ஆளு இல்ல, துணைச் செருப்புதான் இருக்குன்னு. மலை ஏறி வந்தவன் பூட்ஸுல ஒரு பொட்டு சேறு இல்லாம எப்படிக்கா இருக்கும்? கண்ணாடி மாதிரி மின்னுது. பறந்தா வந்தான் உன் வீட்டுக்காரன்?"

மழைக்காரி தன் கையைப் பார்த்தாள். அது அவள் கை செய்த தப்பு. தினமும் மடித்துக் கட்டும்போது, பழைய பனியன் துணியால் பூட்ஸைத் துடைத்து எண்ணெய் தடவித்தான் பைக்குள் வைப்பாள். ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பூட்ஸில் சேறு மிஞ்சியிருந்த சாயங்காலங்கள் அவள் வீட்டில் எப்படி முடிந்தன என்று கைக்குத் தெரியும். ஆள் செத்து ஒரு வருஷமாகியும், கை அவனுக்குப் பயந்து துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பளபளப்புதான் அவளைக் காட்டிக்கொடுத்தது.

நேற்று இருட்டுவதற்குள் அந்த இரண்டு பேரும் ஏறி வந்ததைப் பார்த்திருந்ததால், ஆட்டுக்காரி மழை விட்ட கையோடு வந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறாள். வெளுக்கிற நேரத்தில் அவர்கள் பாதைத் திருப்பம்வரை வந்து, தரையைப் பார்த்து, ஒருவரையொருவர் பார்த்து, இறங்கிப் போய்விட்டார்கள்.

"என்னை எழுப்பியிருக்கக் கூடாதா?"

"எழுப்பினா நீ அலறுவே. அலறினா ரெண்டு பொம்பள குரல் மட்டும்தானே கேக்கும்."

கடையில் உன் போக்குவரவு எல்லாருக்கும் மனப்பாடம், அங்க சொல்லிட்டு ஏறுறதை முதல்ல நிறுத்து என்று சொல்லிவிட்டு ஆட்டுக்காரி எழுந்து போனாள். மழைக்காரி கூடாரத்தைப் பிரித்தாள், நேரே எதிர்ச் சரிவுக்குப் போய்த் துணைக்கு வரக் கேட்டாள். மிச்ச இறக்கம் முழுவதும் ஆட்டுக்காரி கூட வந்தாள், ஆடுகளும் வந்தன.

அன்று சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டாள். சொல்லி முடித்ததும் மழைக்காரி ஒரு தாளில் கோணல்மாணலாக மலையை வரைந்து, இரண்டு இடத்தில் புள்ளி வைத்து, இனி இது உன்கிட்ட மட்டும்தான், மாசாமாசம் புள்ளி மாறும், நான் சொன்ன நேரத்துக்கு வரலன்னா போலீசுக்குப் போ என்றாள்.

"அப்போ போகத்தான் போறே."

"போறேன்."

தலையணைக்கடியிலிருந்து வேலைத்தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த மாதம் புது இடத்தில் கூடாரம் அடித்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே அவள் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு முதல்முறையாக அந்தப் பூட்ஸுக்குள் காலை விட்டாள். உள்ளே அவன் பெருவிரல் அழுத்திய பள்ளம் இருந்தது. அவள் விரல் அதில் போய் உட்கார்ந்தது. சேற்றில் நடந்தாள். நடக்க நடக்கப் பின்னால் அவனுடைய நடை விழுந்துகொண்டே வந்தது, குதிகால் வெளிப்பக்கம் அழுந்தி. திரும்பிப் பார்க்காமல் சுற்றை முடித்தாள். வாங்க என்று கூப்பிடவில்லை. அந்த வார்த்தையை அவள் பிறகு ஒருபோதும் மலைமேல் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பொழுதோடு வீட்டுக்கு வந்து, சேறு காய்ந்த பூட்ஸை வாசலில் இறக்கினாள். உள்ளேயிருந்து வந்த மகள் அதைப் பார்த்து நின்றுவிட்டாள். சின்ன வயதில் அந்தப் பூட்ஸ் சேறோடு வரும் நாட்களில் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கிற பெண் அவள். உள்ளே போய்ப் பனியன் துணியை எடுத்து வந்தாள்.

மழைக்காரி அதை அவள் கையிலிருந்து வாங்கி, மடித்து, தன் முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்படியே கிடக்கட்டும்" என்றாள்.

கிடந்தது. வாசலைக் கடக்கும்போது மட்டும் அம்மாவும் மகளும் அதைக் கொஞ்சம் சுற்றித்தான் போனார்கள்.